வண்டிப்பாதைக்கு இரண்டு பக்கமும் பள்ளிக்கூடம்

நான் படித்தது நாலாம் வகுப்பு. ஐந்தாவதில் ஒன்பது நாள் இருந்தேன். பத்தாம் நாள் எங்கள் ஊர் வழியாகப் போன உப்பு வண்டியில் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை, நானும் தேடவில்லை. அப்படிப்பட்டவனிடம்தான் மலாயாவில் கிள்ளான் துறைமுகத்தில் என்னோடு மூட்டை தூக்கிய சின்னையா இந்த வேலையை ஒப்படைத்தான்.

"ஊருக்குப் போறேல்ல? எம் மவ அஞ்சாவது முடிச்சிருச்சு. நாலு பள்ளிக்கூடத்தைப் பாரு. எது தோதா இருக்கோ அதுல ஆறாவது சேத்துவிட்டுரு. இந்த வருசம் சேக்கலைன்னா எம் மச்சான் அதைக் கடலைக் கொல்லைக்கு அனுப்பிருவான். அவன் சொன்னாச் சொன்னதுதான்."

"நான் போய்ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து என்ன தெரியப் போகிறது?" என்றேன்.

"படிச்சவன் போனா வாத்தியாரோட பேசிட்டு வந்துருவான். நீ போனா கூரை ஒழுகுதா, பிள்ளைக சாப்பிட்டுச்சான்னு பாப்பே" என்றான். அதில் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. கப்பல் ஏறிவிட்டேன்.

புதுக்கோட்டைச் சீமைக்கு நான் வந்தது ஜூன் மாதம். காற்று வெந்நீர்போல அடித்தது. பஞ்சாயத்து யூனியன்கள் வந்த புதிது. டீக்கடையில் யாரைக் கேட்டாலும் யூனியன் என்ற சொல் இல்லாமல் பேச்சு நகரவில்லை. ரோடு யூனியன், கிணறு யூனியன், பள்ளிக்கூடம் யூனியன்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஆவூர்ப் பக்கத்து விவசாயி, கழுத்தில் சிலுவை. பள்ளிக்கூடம் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் என்னை இன்ஸ்பெக்டர் என்று நினைத்துத் துண்டை மடித்து வைத்துக்கொண்டார். இல்லை என்று தெரிந்ததும் துண்டு மறுபடி தோளுக்குப் போனது.

"எங்க ஊர்ல சாமியார் நடத்துறாருங்க. நாலு மணிக்கே எழுப்பி விட்டுருவாரு. செபம், கஞ்சி, அப்புறம் பாடம். தப்பு செஞ்சா முட்டி போடணும். தப்பு செய்யாட்டியும் கோயில்ல முட்டி போடணும். எம் மவன் எட்டாவது போறதுக்குள்ள முட்டி காச்சுப்போச்சு" என்று சொல்லிச் சிரித்தார். "ஆனா எழுத்து முத்து முத்தா இருக்குங்க."

முதலில் திருமயம் பக்கம் ஒரு செட்டிமார் ஊரில் இறங்கினேன். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து வாயைத் திறந்தவன் கொஞ்ச நேரம் மூடவில்லை. தேக்குக் கதவு, தேக்கு பெஞ்சு, முட்டைச் சாந்து பூசிய சுவர், அந்தச் சுவரில் ரங்கூனிலிருந்து வந்த ஆளுயரக் கடிகாரம். எல்லாம் ஊர்க்காரர்கள் கொடுத்தது. மலாயாவில் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களைப் பார்த்திருக்கிறேன். பழைய பெட்டிப் பலகையை அடித்துப் பெஞ்சு செய்திருப்பார்கள். கங்காணியின் மைத்துனன் வாத்தியாராக இருப்பான். இது அரண்மனை.

"பிள்ளைகள் எங்கே?" என்றேன்.

"அதாங்க குறை" என்றார் அங்கிருந்த வாத்தியார். "பள்ளிக்கூடம் கட்டினவுக வீட்டுப் பிள்ளைக எல்லாம் மெட்ராஸ்ல படிக்குதுக. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது இப்ப என் வேலைதான்." என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பலகாரம் வாங்கிக் கொடுத்தார். சீப்புச் சீடையும் காப்பியும். அவருக்குப் பேச ஆள் கிடைத்ததில் சந்தோஷம். அந்த ஊரில் பெண்பிள்ளை தங்கிப் படிக்க இடம் இல்லை என்று தெரிந்ததும் கிளம்பினேன்.

மறுநாள் சின்னையாவின் ஊருக்குப் போனேன். ஆவரைவிடுதி. ஆலங்குடிக்கும் அறந்தாங்கிக்கும் நடுவில், முந்திரிக்கொல்லைகளுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும் ஊர். நடுவில் ஒரு வண்டிப்பாதை. அந்தப் பாதைக்கு மேற்கே பழைய சமஸ்தானம். கிழக்கே தஞ்சாவூர் ஜில்லா. சமஸ்தானம் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் மேற்கே திருச்சி ஜில்லா என்றும் கிழக்கே தஞ்சாவூர் ஜில்லா என்றும் பாதை இன்னும் பாதையாகத்தான் கிடக்கிறது. மேற்கே ஒரு யூனியன், கிழக்கே ஒரு யூனியன். ஆடு மட்டும் எதையும் பார்க்காமல் இரண்டு பக்கமும் மேய்கிறது.

மேற்கே ஓட்டுக் கட்டிடத்தில் ஒரு பள்ளிக்கூடம் கண்ணில் பட்டது. ராஜா காலத்தில் கட்டியது. வெண்கல மணி, நீளமான கரும்பலகை, சுவரில் தேசப்படம். நேராக அதற்குள் போனேன். மணி பத்தே முக்கால். உள்ளே சமையல்காரம்மா மட்டும் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். பதினொன்றுக்கு பஸ் வந்தது. பஸ்ஸிலிருந்து ஹெட்மாஸ்டர் வந்தார். மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விடுவாராம்.

"செல்லம்மா, சின்னையா மகள், இங்கேதானே படிக்கிறாள்?" என்று கேட்டேன்.

ரிஜிஸ்தரைப் புரட்டினார். "செல்லம்மா... இருக்கு. மூணாவது. நல்லாச் சாப்பிடும்."

"மூன்றாவதா? ஐந்தாவது முடித்துவிட்டது என்று அப்பா சொன்னாரே."

"மூணாவதுதாங்க. மத்தியானச் சோறு போட ஆரம்பிச்ச வருசம் ஒண்ணாவதுல சேந்துச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க, மூணுதான் வரும்" என்றார்.

மனசு விட்டுப்போனது. சின்னையாவின் வீட்டுக்குப் போனேன். வீடு பாதைக்குக் கிழக்கே. அவன் மனைவி பொன்னம்மா சொம்பில் நீச்சத்தண்ணி கொடுத்தாள். குடித்து முடித்ததும் மூன்றாவது விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அது சாப்பிடுற பள்ளிக்கூடம்ணே. படிக்கிற பள்ளிக்கூடம் இங்கிட்டு இருக்கு. அதுல அஞ்சாவது பாஸு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேலப் பள்ளிக்கூடத்தில் கட்டிடம் உண்டு, சோறு உண்டு. அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்துத் தலைவர் வீடுவீடாக அரிசி வாங்கிப் போட்டு நடத்துகிறார். பாடந்தான் பஸ்ஸைப் பொறுத்தது. கீழப் பள்ளிக்கூடம் ஒரு கீற்றுக் கொட்டகை. ஆரோக்கியம் வாத்தியார் தாமே நடத்துவது. சர்க்கார் மானியம் மட்டும் வரும். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் பாடம் நிற்காது. ஆனால் ஒரு வாய் சோறு கிடையாது. ஆகவே ஊர்ப் பிள்ளைகள் காலையில் இங்கே படிப்பார்கள். பகல் மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு பாதையைத் தாண்டி அங்கே சாப்பிடுவார்கள். சாப்பிட்டுத் திரும்பி வந்து மறுபடி படிப்பார்கள். இரண்டு ரிஜிஸ்தரிலும் பேர் இருக்கும்.

"இன்ஸ்பெக்டர் வந்தால்?"

"ரெண்டும் வேற வேற ஜில்லாண்ணே. ரெண்டு பேரும் ஒரே நாள்ல வந்ததில்ல. யார் வாராகளோ அந்தப் பக்கம் பிள்ளைக போய் ஒக்காந்துக்கும்."

செல்லம் அப்போதுதான் வந்தாள். பதினொரு வயது, இரட்டைச் சடை, கையில் ஈயத்தட்டு. என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "மலாயாவுல பள்ளிக்கூடத்துல என்ன போடுவாக?" என்பது. ஒன்றும் போடமாட்டார்கள் என்றேன். "அப்ப எப்படி வருவாக?" என்று உண்மையாகவே கவலைப்பட்டாள்.

புதன்கிழமை அறந்தாங்கி போய் உயர்நிலைப் பள்ளியைப் பார்த்தேன். ஊரிலிருந்து தினம் பஸ்ஸில் போய்வரலாம். பெண்பிள்ளைகள் தனி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், கூரை ஒழுகிய தடம் ஒரே ஒரு மூலையில். எனக்குத் திருப்தி. தலைமையாசிரியை கண்ணாடி போட்ட அம்மா. பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"இடம் இருக்கு. டி.சி. வேணும். வெள்ளிக்கிழமை மூணு மணியோட அட்மிஷன் முடியுது. அதுக்கப்புறம் யார் சொன்னாலும் அடுத்த வருஷம்தான்."

டி.சி.தானே என்று நினைத்துக்கொண்டு சந்தையில் பரோட்டா தின்றேன். கிள்ளானில் ரொட்டி சானாய் என்று தருவதும் இதுவும் ஒரே பிள்ளைதான்; இங்கே கொஞ்சம் குண்டு.

சாயங்காலம் ஆரோக்கியம் வாத்தியாரைப் பார்த்தேன். கொட்டகை வாசலில் தென்னங்கீற்று முடைந்துகொண்டிருந்தார். ஒல்லியான மனுஷர். டி.சி. என்றதும் கை நின்றது.

"செல்லத்துக்கா? கொடுக்க வேண்டியதுதான். அது படிக்க வேண்டிய பிள்ளை. ஆனா ஒரு மாசம் பொறுங்க."

"வெள்ளிக்கிழமை கடைசி நாளுங்க."

"அங்கே வெள்ளிக்கிழமை கடைசி. இங்கே அடுத்த மாசம் இன்ஸ்பெக்சன்." முடைந்த கீற்றை ஓரமாகத் தள்ளிவைத்தார். "ரெண்டு வாத்தியாருக்கு மானியம் வேணும்னா இத்தனை பிள்ளை இருக்கணும்னு சட்டம். அஞ்சாவது முடிச்சும் டி.சி. வாங்காத செல்லத்தையும் சேத்துச் சரியா அத்தனைதான் இருக்கு. ஒரு தலை குறைஞ்சா ரெண்டாவது டீச்சர் போச்சு. அஞ்சு வகுப்பையும் நான் ஒருத்தன் எப்படிங்க பாக்கிறது?"

"ரெண்டாவது டீச்சர் யார்?"

உள்ளேயிருந்து அவர் மனைவி தெரசா டீச்சர் எட்டிப் பார்த்தார். "நான்தாங்க. ஒண்ணாவதும் ரெண்டாவதும் எங்கிட்ட."

"சும்மா ஒரு பேரை எழுதிக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவுதான்.

வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "பேரு எழுதலாங்க. தலை? அந்த மனுசன் ஒவ்வொரு பிள்ளை தலையிலயும் கையை வச்சு எண்ணுறாரு. போன தடவை வேடிக்கை பாக்க வந்த பிள்ளையக்கூடப் பேரு கேட்டு விரட்டிட்டாரு."

"மேலப் பள்ளிக்கூடத்திலும் அவள் பேர் இருக்கிறதே, அது பொய்யில்லையா?"

"அங்கே அது நெசமாத்தான் சாப்பிடுது. இங்கே நெசமாத்தான் படிக்குது. ரெண்டு எடத்துலயும் தலை இருக்கு. பொய் எங்கே இருக்கு?" என்றார்.

"ஒரு தலை எடுத்தா ஒரு தலை வைங்க. இப்பவே டி.சி. எழுதுறேன்" என்று முடித்துவிட்டார்.

வீட்டில் வந்து சொன்னேன். பொன்னம்மாவின் அண்ணன் வந்தார். விவரத்தைக் கேட்டு, "நல்லதாப் போச்சு. திங்கக்கிழமை கடலைக்கொல்லையில களை எடுக்க ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனார். செல்லம் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள்.

வியாழக்கிழமை காலையில் அவள்தான் என் பாயைத் தட்டினாள். "மாமா, காத்தாயி பள்ளிக்கூடம் போகல."

"யார் காத்தாயி?"

"கெணறு வெட்ட வந்திருக்காகள்ல, அவுக மவ. மண்ணு தூக்குது. அதுக்கும் தலை இருக்குல்ல."

போனோம். முந்திரிக்கொல்லைக்கு அங்கிட்டு யூனியன் கிணறு. பாதி ஆழம் வந்திருந்தது. உள்ளே ஏழெட்டுப் பேர் கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் படி வழியாக மண்கூடையைச் சுமந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒன்பது வயதில் ஒன்று, சும்மாட்டின் மேல் கூடையோடு. அதுதான் காத்தாயி. அப்பா பேர் வீரன். சேலம் பக்கத்திலிருந்து ஊர் ஊராக வருகிறவர்கள்.

விஷயத்தைச் சொன்னேன். வீரன் மேலே வந்து பீடி பற்றவைத்தான்.

"பள்ளிக்கூடமா? நாங்க இந்தக் கெணறு முடிஞ்சா வேற ஊரு போயிருவோம்."

"எப்போது முடியும்?"

"பாறை வந்தா ரெண்டு மாசம். பாறை வராட்டி ஒரு மாசம்."

"பாறை வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"அது போனா மண்ணு யாருங்க தூக்குறது? எங்க கூட்டத்துல ஆளுக்கு ஒரு கூடை. ஒரு கூடை கொறஞ்சா மத்தவுக பேசுவாக."

செல்லம் என் முகத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்.

"கூடையை நான் தூக்குகிறேன்" என்றேன்.

வீரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "வெள்ளை வேட்டி கட்டியிருக்கீங்க."

"கழட்டினால் கைலி இருக்கிறது. கிள்ளானில் அரிசி மூட்டை தூக்கினவன்."

"அது எறங்குற பலகை. இது ஏறுற படி" என்றான். சோதனைக்கு ஒரு கூடை கொடுத்தான். ஏறினேன். பெண்கள் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். "மாப்புள்ளை பாட்டெல்லாம் பாடிக்கிட்டு வாராரு" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் பாடவில்லை, மூச்சு அப்படி வந்தது.

ஒப்பந்தம் இதுதான்: இன்ஸ்பெக்சன் முடிகிறவரை காத்தாயி பள்ளிக்கூடம், நான் கிணறு. வெள்ளிக்கிழமை மட்டும் எனக்கு விடுப்பு.

காத்தாயியைத் தெரசா டீச்சர் கையில் பிடித்துக் கொடுத்தோம். டீச்சர் முதலில் அவள் தலையைக் கழுவினார். செம்மண் மூன்று தண்ணி வந்தது. ஆரோக்கியம் வாத்தியார் ஒன்றாம் வகுப்பில் பேர் எழுதி, மை காய ஊதி, அதற்குப் பிறகு செல்லத்தின் டி.சி.யை எழுதினார். எழுத்து முத்து முத்தாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறினோம். நாலு மைலில் டயர் போனது.

"ஸ்டெப்னி எங்கப்பா?" என்று ஒருவர் கேட்டார்.

"அறந்தாங்கியில இருக்கு" என்றார் கண்டக்டர். "அதை எடுக்கத்தானே போய்க்கிட்டு இருக்கோம்."

ஆளுக்கு ஒரு மர நிழலில் உட்கார்ந்தோம். பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. பொன்னம்மா தூக்குவாளியில் கொடுத்த புளிச்சோற்றைத் தின்றோம். கண்டக்டரும் ஒரு கை வாங்கிக்கொண்டார். ஒன்றரைக்குப் பலாப்பழம் ஏற்றிய லாரி வந்தது. கண்டக்டரே குறுக்கே நின்று மறித்தார். "ஆறாவது சேர்ற பிள்ளைய்யா! ஏத்திக்க!" சோறு வீண் போகவில்லை.

பழத்தின் மேல் உட்கார்ந்து போவது எப்படி என்று யாருக்காவது தெரியவேண்டுமானால், உட்காராமல் போவது நல்லது. முள் ஒரு பக்கம், பலாப்பால் ஒரு பக்கம். இரண்டரைக்கு இறங்கும்போது என் சட்டைப் பையோடு டி.சி. ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் கிழியும். அப்படியே ஓடினோம்.

தலைமையாசிரியை பேனாவை மூடிக்கொண்டிருந்தார். மேஜை மேல் சட்டையைக் கழற்றி வைக்கலாமா என்று கேட்டேன். "வேறே வழி?" என்றார். ஆயா தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவித் தடவி உரித்தார். காகிதத்தில் பேர் தெரிந்தது, வகுப்பு தெரிந்தது. ஒரு ஓரம் மட்டும் என் பையிலேயே நின்றுவிட்டது. கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. பனியனோடு நிற்கிறவனுக்கு அந்த அறையில் பார்க்க வேறு இடமே இல்லை; ஆனாலும் பார்க்காமல் இருந்தேன்.

"கீத்துக் கொட்டகைப் பள்ளிக்கூடமா?" என்று அந்த அம்மா டி.சி.யைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு புத்தகத்தை நீட்டினார். செல்லம் ஒரு பக்கம் வாசித்தாள். பத்தொன்பதாம் வாய்ப்பாடு கேட்டார். கடைசிவரை சொன்னாள். அங்கே உட்கார்ந்திருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார்.

"இங்கே மத்தியானச் சோறு கிடையாது, தெரியுமா?"

செல்லம் யோசித்தாள். இந்த ஒரு கேள்விக்குத்தான் அவள் யோசித்தாள். "அம்மா கொடுத்துவிடும். கொடுத்துவிடாத அன்னைக்குச் சாயங்காலம் சாப்பிட்டுக்குவேன்."

அந்த அம்மா பேனாவைத் திறந்தார்.

சனிக்கிழமையிலிருந்து நான் மண் சுமந்தேன். அதைப்பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. முதல் மூன்று நாள் கழுத்து திரும்பவில்லை, பிறகு திரும்பியது. கம்பங்கூழும் பச்சை மிளகாயும் இரண்டு வேளை. காலையில் செல்லம் ஆறாவது வகுப்புக்கு பஸ் பிடிக்க ஓடுவாள். பகலில் மேலப் பள்ளிக்கூடத்து மணி அடிக்கும். படியில் நின்று பார்த்தால் பாதையைத் தாண்டும் தட்டுகளின் வரிசையில் காத்தாயியும் போவது தெரியும். சேர்ந்த மூன்றாம் நாளே அந்த ரிஜிஸ்தரிலும் ஏறிவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தலை தலையாகத் தொட்டு எண்ணினார். தெரசா டீச்சருடைய வேலை தப்பியது. நான் பெட்டியைக் கட்டினேன்.

மறுநாள் விடியலில் காத்தாயி கிணற்றுக்கு வந்து, சும்மாட்டைச் சுருட்டி வைத்துக் கூடையைத் தூக்கினாள். ஒப்பந்தம் ஒப்பந்தந்தானே. வெயில் ஏறும்வரை தூக்கினாள். கொட்டகையில் மணிக்குப் பதில் தொங்கும் தண்டவாளத் துண்டை ஒன்பது மணிக்குத் தட்டினார்கள். பாதிப் படியில் நின்றாள். மீதிப் படியையும் ஏறினாள், மண்ணைக் கொட்டினாள், கூடையைக் கவிழ்த்து வைத்தாள், யாரையும் பார்க்காமல் கொல்லை வழியாக நடந்துவிட்டாள்.

கடப்பாரை ஒவ்வொன்றாக நின்றது. வீரன் கிணற்றுக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் அந்தத் திக்கையே அண்ணாந்து பார்த்தான். பிறகு சொல்லிக்கொண்டு போக வந்து மேலே பெட்டியோடு நின்ற என்னைப் பார்த்தான்.

"அண்ணே, நேத்து சாயங்காலம் பாறை வந்துருச்சு. ஒங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே?"

பெட்டியை முந்திரி மரத்தடியில் வைத்துவிட்டு வேட்டியை அவிழ்த்தேன்.